நமீபியா விடுதலைப் பேச்சுவார்த்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒருமுறை நமீபியாவைப் பற்றிப் பேசினேன். அன்றிலிருந்து வட்டத்து நண்பர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், அவர்களுடைய ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் எளிது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன. இடையில் கேள்வி எண் சொல்லும் இடங்களில் முதல் கேள்வியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நமீபியா எங்கே இருக்கு? அது யாரோட காலனி?

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. வடக்கே அங்கோலா, தெற்கே தென் ஆப்பிரிக்கா, மேற்கே அட்லாண்டிக் கடல். கடற்கரை நெடுக நமீப் பாலைவனம். நாட்டின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். பரப்பு 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் விடுதலை பெற்றபோது மக்கள்தொகை பதினைந்து லட்சத்தைக்கூட எட்டவில்லை.

1884-ல் ஜெர்மனி இதைப் பிடித்து 'ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா' என்று பெயர் வைத்தது. 1904-ல் ஹெரேரோ மக்களும், பிறகு நாமா மக்களும் எதிர்த்து எழுந்தார்கள். தளபதி லோதர் ஃபான் டிரோத்தா ஹெரேரோக்களை ஒழிக்க ஆணையிட்டார். பாலைவனத்துக்குள் விரட்டப்பட்டுத் தண்ணீரின்றியும், பிறகு முகாம்களில் அடைபட்டும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ஹெரேரோக்களில் பெரும்பான்மையோரும் நாமாக்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் 1908-க்குள் அழிந்துபோனார்கள் என்பது பொதுவான கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் மறுபடி வரும்.

ஜெர்மனி போரில் தோத்ததும் விடுதலை கிடைச்சிருக்கணுமே? நடுவுல தென் ஆப்பிரிக்கா எப்படி வந்தது?

முதல் உலகப் போரின்போது, 1915-ல், பிரிட்டிஷ் பேரரசின் பக்கம் நின்ற தென் ஆப்பிரிக்கப் படை உள்ளே புகுந்து ஜெர்மானியரைச் சரணடைய வைத்தது. போர் முடிந்ததும் 1920-ல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இந்த நிலத்தை 'மேன்டேட்' முறையில் தென் ஆப்பிரிக்காவிடம் கொடுத்தது. மேன்டேட் என்றால் சொந்தமாகக் கொடுப்பது அல்ல, பொறுப்பில் விடுவது. அங்குள்ள மக்களின் நலனுக்காக நிர்வகிக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும்.

தென் ஆப்பிரிக்கா அதைப் பொறுப்பாக நினைக்கவே இல்லை. தன்னுடைய ஐந்தாவது மாகாணம் போலவே நடத்தியது. நல்ல நிலம் வெள்ளையர் பண்ணைகளுக்குப் போனது. கறுப்பின மக்கள் ஒதுக்குப் பகுதிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வடக்கிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

ஐ.நா. வந்த பிறகாவது திருப்பி வாங்கியிருக்கலாமே?

முயன்றார்கள். சர்வதேச சங்கம் கலைந்தபோது மற்ற மேன்டேட் நாடுகள் விடுதலை பெற்றன, அல்லது ஐ.நா. மேற்பார்வையில் நிர்வகிக்கும் அறங்காவல் முறைக்கு மாறின. இந்த ஒரு நிலத்தை மட்டும் தென் ஆப்பிரிக்கா தர மறுத்தது. 1946-ல் அதைத் தன்னோடு இணைத்துக்கொள்ள ஐ.நா. பொதுச்சபையிடம் அனுமதியும் கேட்டது. சபை மறுத்துவிட்டது.

ஹெரேரோ தலைவர் ஹோசேயா குட்டாகோவுக்கு நியூயார்க் போக வழியில்லை. அதனால் மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் அவர்களுடைய மனுவை எடுத்துக்கொண்டு போய் ஐ.நா. குழுவின் முன் பேசினார். சொந்த மண்ணைப் பற்றிப் பேச இன்னொருவர் வாயைக் கடன் வாங்க வேண்டிய நிலை. நமீபியா பேச்சுவார்த்தை முழுவதும் இந்தக் குறை கூடவே வந்தது என்பது என் எண்ணம். 12-வது, 13-வது கேள்விகளில் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

கோர்ட்டுக்குப் போனாங்களாமே, என்ன தீர்ப்பு வந்தது?

சர்வதேச நீதிமன்றத்துக்குப் பலமுறை போனது. மூன்று முறை முக்கியம். 1950-ல் நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து ஒன்றைச் சொன்னது: மேன்டேட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தென் ஆப்பிரிக்கா தன்னிச்சையாக அந்த நிலத்தின் நிலையை மாற்ற முடியாது, ஆனால் அறங்காவலுக்கு ஒப்படைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரு தரப்புக்கும் பாதிப் பாதி.

1960-ல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குத் தொடுத்தன. சர்வதேச சங்கத்தில் உறுப்பினராக இருந்த ஆப்பிரிக்க நாடுகள் என்ற முறையில் கேட்டார்கள். ஆறு ஆண்டு இழுத்து 1966 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் 7-க்கு 7 எனப் பிரிந்தார்கள். தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால் வழக்கு தள்ளுபடி ஆனது. நிறவெறி சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. வழக்குத் தொடுத்த நாடுகளுக்கு இந்த விஷயத்தில் சட்ட உரிமை இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. ஆறு ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அடுத்த மாதமே, ஆகஸ்ட் 26 அன்று, ஓமுகுலுக்வோம்பாஷே என்ற இடத்தில் முதல் துப்பாக்கிச் சண்டை நடந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் பொதுச்சபை மேன்டேட்டை ரத்து செய்தது. நிலத்தை நிர்வகிக்க இந்தியா உட்பட 11 நாடுகள் கொண்ட ஒரு மன்றத்தை 1967-ல் அமைத்தது. 1968-ல் 'நமீபியா' என்ற பெயரை ஏற்றது. மன்றத்தை உள்ளே வர தென் ஆப்பிரிக்கா விடவே இல்லை, அது நியூயார்க்கில் இருந்தபடியேதான் வேலை செய்தது. பிறகு 1971-ல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தென் ஆப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம், அது வெளியேற வேண்டும். அப்புறம் நடந்த எல்லாப் பேச்சுவார்த்தைக்கும் அடிப்படை இதுதான்.

ஸ்வாபோன்னா கட்சியா, ஆயுதக் குழுவா?

இரண்டும். தென்மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அமைப்பு என்பதன் சுருக்கம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் போராட்டத்திலிருந்து வளர்ந்து, 1960 ஏப்ரலில் இந்தப் பெயரில் உருவானது. தலைவர் சாம் நுஜோமா. நாட்டுக்குள் அரசியல் பிரிவு இயங்கியது, அங்கோலா, ஜாம்பியா பக்கம் 'பிளான்' என்ற விடுதலைப் படை இருந்தது. நிறுவனர்களில் ஒருவரான டோய்வோ யா டோய்வோ ராபன் தீவுச் சிறையில் 1984 வரை இருந்தார்.

1976-ல் ஐ.நா. பொதுச்சபை இதை நமீபிய மக்களின் 'ஒரே உண்மையான பிரதிநிதி' என்று ஏற்றது. நாட்டுக்குள் வேறு கட்சிகளும் இருந்ததால் இந்த அறிவிப்பு பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது (10-வது கேள்வி).

435, 435-னு எல்லாப் புத்தகத்திலும் வருதே, அதில் அப்படி என்ன இருக்கு?

பாதுகாப்புச் சபை 1978 செப்டம்பர் 29 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின் எண் அது. 12 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. சோவியத் யூனியனும் செக்கோஸ்லோவாக்கியாவும் ஒதுங்கின. சீனா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

தீர்மானம் ஒரு பக்கம்தான். அது ஏற்றுக்கொண்ட திட்டம்தான் உயிர். போர்நிறுத்தம்; இரு தரப்புப் படைகளும் முகாமுக்குள் அடங்குவது; தென் ஆப்பிரிக்கப் படை படிப்படியாக வெளியேறுவது; அரசியல் கைதிகள் விடுதலை; அகதிகள் திரும்புவது; ஐ.நா. மேற்பார்வையில் ஒரு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். அந்தச் சபை சட்டம் எழுதியதும் விடுதலை. இதை நடத்தி வைக்க அன்டாக் என்ற ஐ.நா. இடைக்கால உதவிக் குழு. தேர்தல் வரை அன்றாட நிர்வாகமும் போலீசும் தென் ஆப்பிரிக்கா நியமித்த தலைமை நிர்வாகியின் கையிலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி திருப்தி அடைய வேண்டும். அந்தப் பிரதிநிதி பின்லாந்தைச் சேர்ந்த மார்ட்டி ஆட்டிசாரி. 2008-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

பழைய ஆட்சியே நிர்வாகம் செய்ய, ஐ.நா. தோளருகே நின்று கண்காணிக்கும் இந்த ஏற்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் இப்படி இல்லாவிட்டால் தென் ஆப்பிரிக்கா பேச்சுக்கே வந்திருக்காது.

அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் தென் ஆப்பிரிக்காவுக்கு நண்பர்கள்தானே சார்? அவங்க ஏன் இதைத் தயாரிச்சாங்க?

நண்பர்கள் என்பதால்தான். 1977-ல் பாதுகாப்புச் சபையில் இருந்த ஐந்து மேற்கு நாடுகள், அதாவது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா, 'தொடர்புக் குழு' என்ற பெயரில் சேர்ந்தன. தென் ஆப்பிரிக்கா மேல் முழுப் பொருளாதாரத் தடை கொண்டுவர ஆப்பிரிக்க நாடுகள் நெருக்கின. தடைக்கு எதிராக ஒவ்வொரு முறையும் வீட்டோ போடுவது இந்த நாடுகளுக்குச் சங்கடம், தடை போட்டாலோ வியாபாரம் போய்விடும். மாற்றாகப் பேச்சுவார்த்தையைக் கையில் எடுத்தார்கள். நோக்கம் கலப்படம்தான், ஆனாலும் கிடைத்த திட்டம் நல்ல திட்டம். அமெரிக்காவின் டொனால்ட் மெக்ஹென்றி இதற்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தான்சானியா, ஜாம்பியா, அங்கோலா போன்ற முன்னணி ஆப்பிரிக்க நாடுகள் ஸ்வாபோவை இணங்க வைத்தன.

1978-லேயே எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னா 1989 வரைக்கும் என்னதான் பண்ணினாங்க?

ஒத்துக்கொண்டது காகிதத்தில். தென் ஆப்பிரிக்கா 1978 ஏப்ரலில் திட்டத்தை ஏற்றது. மே 4 அன்றே அங்கோலாவுக்குள் கசிங்கா என்ற ஸ்வாபோ முகாமை வானிலிருந்து தாக்கியது. சுமார் 600 பேர் இறந்தார்கள். அது போர் முகாம் என்றது தென் ஆப்பிரிக்கா, அகதி முகாம் என்றது ஸ்வாபோ. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. அப்படியும் ஜூலையில் ஸ்வாபோ திட்டத்தை ஏற்றது. அதே டிசம்பரில் தென் ஆப்பிரிக்கா ஐ.நா. இல்லாமல் தானே ஒரு தேர்தல் நடத்தியது. ஸ்வாபோ புறக்கணித்தது. தென் ஆப்பிரிக்காவுக்கு இணக்கமான ஜனநாயக டர்ன்ஹாலே கூட்டணி 50-ல் 41 இடம் பெற்றது. பாதுகாப்புச் சபை அதைச் செல்லாது என்றது.

பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஒரு முட்டுக்கட்டை. ஐ.நா. படையில் எத்தனை பேர், எந்த நாட்டுக்காரர்கள், ஸ்வாபோ வீரர்கள் எங்கே தங்குவது என்று இழுத்தடித்தார்கள். 1981 ஜனவரியில் ஜெனீவாவில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள், பலனில்லை. அந்த மாதமே அமெரிக்காவில் ரீகன் பதவிக்கு வந்தார். புது முட்டுக்கட்டை அங்கிருந்து வந்தது.

கியூபா எங்கே, நமீபியா எங்கே? அவங்க எப்படி உள்ளே வந்தாங்க?

1975-ல் அங்கோலா விடுதலை பெறும்போதே உள்நாட்டுப் போர் மூண்டது. தென் ஆப்பிரிக்கப் படை நமீபியா வழியாக உள்ளே புகுந்தது. அங்கோலா அரசு அழைத்து கியூபப் படை வந்தது. ரீகன் அரசின் ஆப்பிரிக்கத் துறைப் பொறுப்பாளர் செஸ்டர் குரோக்கர் இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டார்: கியூபர்கள் அங்கோலாவை விட்டுப் போனால்தான் தென் ஆப்பிரிக்கா நமீபியாவை விட்டுப் போகும்.

435-ல் கியூபா என்ற சொல்லே இல்லை. 1983-ல் பாதுகாப்புச் சபை இந்த முடிச்சை ஏற்க முடியாது என்று தீர்மானமே போட்டது. பிரான்சும் அந்த ஆண்டு இறுதியில் தொடர்புக் குழுவை விட்டு ஒதுங்கியது. குரோக்கர் நகரவில்லை. கடைசியில் அவர் போட்ட முடிச்சின்படிதான் தீர்வு வந்தது என்பது உண்மை. அந்த முடிச்சு இல்லாதிருந்தால் முன்பே வந்திருக்குமா? வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டவிரோதமாக உட்கார்ந்திருந்த ஓர் அரசுக்கு, வெளியேறாமல் இருக்க நாகரிகமான ஒரு காரணத்தை அது ஏழு ஆண்டுகளுக்குத் தந்தது. அந்த ஏழு ஆண்டும் வடக்கில் சண்டை நடந்துகொண்டே இருந்தது.

ஐ.நா.வே ஸ்வாபோ பக்கம்தானே? அப்புறம் எப்படி நடுவரா இருக்க முடியும்?

நியாயமான கேள்வி. தென் ஆப்பிரிக்காவும் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கான பதில் 1982-ல் பேசி முடிவானது: 435 தொடங்கும் நாளிலிருந்து ஸ்வாபோவுக்கு ஐ.நா. தரும் தனிச் சலுகைகளும் உதவிகளும் நிற்கும், ஐ.நா. எல்லாக் கட்சிகளையும் சமமாக நடத்தும். அதே ஆண்டு வருங்கால அரசியல் சட்டத்துக்கான கொள்கைகளும் முடிவாயின. பல கட்சி ஜனநாயகம், அடிப்படை உரிமைகள், சுதந்திரமான நீதித்துறை, சொத்தை எடுத்தால் இழப்பீடு, சட்டம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. இந்தக் கடைசி நிபந்தனை 16-வது கேள்வியில் வேலை செய்யும்.

1988-ல் திடீர்னு எல்லாம் நடந்திருக்கே. ஜெயிச்சது போர்க்களமா, பேச்சுவார்த்தையா?

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு வரிப் பதில் எதிர்பார்க்கிறார்கள். ஒரு வரியில் சொல்ல முடியாது.

1987-ன் பிற்பகுதியிலிருந்து 1988 வரை அங்கோலாவில் குயிட்டோ குவனாவாலே ஊரைச் சுற்றிப் பெரிய சண்டை நடந்தது. தென் ஆப்பிரிக்காவால் ஊரைப் பிடிக்க முடியவில்லை. காஸ்ட்ரோ கூடுதல் படை அனுப்பினார். கியூபப் படை தென்மேற்கில் இறங்கி நமீபிய எல்லையை நெருங்கியது. ஜூன் 27 அன்று கலுவேக்கே அணையில் நடந்த விமானத் தாக்குதலில் இளம் வெள்ளையின வீரர்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கட்டாய ராணுவச் சேவையில் போன பிள்ளைகள் பிணமாகத் திரும்புவது தென் ஆப்பிரிக்க வீடுகளை உலுக்கியது. 1977 முதல் ஆயுதத் தடை இருந்ததால் விழுந்த போர் விமானத்துக்கு மாற்று வாங்கவும் வழியில்லை. செலவும் கழுத்தை நெரித்தது. கோர்பசேவின் சோவியத் யூனியனும் இந்தப் போரிலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தது.

எனவே 1988 மே மாதம் லண்டனில் தொடங்கிய பேச்சு கெய்ரோ, நியூயார்க், ஜெனீவா, பிராசவில் என்று ஊர் ஊராக நகர்ந்து, டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் கையெழுத்தானது. எவரும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாமல் வெளியேற ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியைப் புதிதாக எழுத வேண்டிய தேவையே இல்லை, பத்து ஆண்டுக்கு முன் எழுதிய 435 மேசையில் தயாராக இருந்தது. 1978-ல் உட்கார்ந்து வரிவரியாக எழுதியவர்களின் உழைப்பு வீண் போகவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கையெழுத்துக்கு முந்தைய நாள் ஐ.நா.வின் நமீபிய ஆணையர் பெர்ன்ட் கார்ல்சன் நியூயார்க்குக்குப் புறப்பட்டார். அவர் ஏறிய பான் ஆம் விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது.

நமீபியா விடுதலை ஒப்பந்தத்தில் நமீபியாக்காரங்க கையெழுத்தே இல்லையாமே, நிஜமா?

நிஜம். கையெழுத்துப் போட்டது அங்கோலா, கியூபா, தென் ஆப்பிரிக்கா. நடுவே அமெரிக்கா, பக்கத்தில் பார்வையாளராக சோவியத் யூனியன். ஸ்வாபோ அந்த அறையில் இல்லை. அரசுகளுக்கிடையே பேச்சு என்பதால் அழைக்கவில்லை என்றார்கள். ஸ்வாபோ ஏற்கெனவே 435-ஐ ஏற்றிருக்கிறது, தனியாகக் கையெழுத்து எதற்கு என்றும் சொன்னார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1988 ஆகஸ்ட் ஜெனீவா உடன்பாட்டில் ஸ்வாபோ படை அங்கோலாவுக்குள் 16-வது அட்சரேகைக்கு வடக்கே, அதாவது எல்லையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, நிற்க வேண்டும் என்றும் அதற்கு அங்கோலாவும் கியூபாவும் முயற்சி எடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஸ்வாபோவோ 435-ன்படி போர்நிறுத்த நாளில் தன் வீரர்கள் நமீபியாவுக்குள்ளேயே ஐ.நா. முகாம்களில் இருக்கலாம் என்று நினைத்தது. இது 1979-லிருந்தே தீராத சச்சரவு. யாரும் அவர்களை நேரில் உட்கார வைத்து முடிக்கவில்லை.

அப்போ ஏப்ரல் 1-ல் நடந்தது யாரோட தப்பு?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1989 ஏப்ரல் 1 அதிகாலை போர்நிறுத்தம் தொடங்க வேண்டும். அந்த நேரத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான ஸ்வாபோ வீரர்கள் ஆயுதத்தோடு எல்லை தாண்டி ஓவாம்போ பகுதிக்குள் வந்தார்கள். ஐ.நா.விடம் போய்ச் சேரச் சொல்லி அனுப்பினோம் என்றது ஸ்வாபோ. படையெடுப்பு என்றது தென் ஆப்பிரிக்கா. அன்று தலைநகர் விண்ட்ஹூக்கில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் இருந்தார். முகாமுக்குள் அடங்கியிருந்த சில தென் ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகளை வெளியே விடாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்ற நெருக்கடியில் ஆட்டிசாரி சம்மதித்தார். ஒன்பது நாட்களில் 300-க்கும் மேற்பட்ட ஸ்வாபோ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். மறுபக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர். இருபத்து மூன்று ஆண்டுப் போரில் மிக மோசமான நாட்கள், அமைதி தொடங்கிய நாட்கள்!

ஸ்வாபோ தலைமை எடுத்த முடிவு தவறு. விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தப் பிள்ளைகளை எல்லை தாண்ட அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் அவர்களை வரவேற்று ஆயுதத்தை வாங்க வேண்டிய ஐ.நா. படை அங்கே இல்லை. ஏன் இல்லை? 7,500 பேர் கொண்ட படை என்பது பழைய திட்டம். செலவைக் குறைக்க வேண்டும் என்று வல்லரசுகள் கேட்க, கூடாது என்று ஆப்பிரிக்க, அணிசாரா நாடுகள் வாதாட, 4,650 என்று முடிவாகவே 1989 பிப்ரவரி பாதி ஆகிவிட்டது. பணம் ஒதுக்கியது மார்ச் தொடக்கத்தில். கப்பலும் விமானமும் ஏறி ஆட்கள் வந்து சேர்வதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. கணக்குப் பார்த்துச் சேமித்த அந்த வாரங்களுக்கு வடக்கின் மணலில் கிடந்தவர்கள்தான் விலை கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏப்ரல் 9 அன்று மவுண்ட் எட்ஜோ என்ற விடுதியில் ஒரு சமரசம் செய்து நிலைமையை மீட்டார்கள். அங்கே உட்கார்ந்ததும் முந்தைய கேள்வியில் சொன்ன அதே நாடுகள்தான். அப்போதும் ஸ்வாபோவுக்கு நாற்காலி இல்லை.

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. ஐ.நா. மன்றத்தில் இருந்ததை முன்பே சொன்னேன். 1986-ல் ஸ்வாபோவின் டெல்லி அலுவலகத்துக்கு முழுத் தூதரகத் தகுதி கொடுத்தது. அன்டாக்கின் ராணுவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். காங்கோவிலும் சைப்ரஸிலும் ஐ.நா. பணியில் பழுத்தவர். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லாதது குறைதான்.

தேர்தல் ஒழுங்கா நடந்ததா? போலீஸ் அவங்க கையில்தானே இருந்தது?

அதுதான் பெரிய தலைவலி. 'கூஃபூட்' என்ற எதிர்ப்புரட்சிப் போலீஸ் பிரிவு இருந்தது. ஆஃப்ரிகான்ஸில் கடப்பாரை என்று பொருள். அதைக் கலைத்ததாகச் சொல்லிவிட்டு ஆட்களைச் சாதாரணப் போலீசுக்குள் நுழைத்தார்கள். கவச வண்டிகளில் ஊருக்குள் வந்து மிரட்டினார்கள். முதலில் 360 என்று திட்டமிட்ட ஐ.நா. போலீஸ் கண்காணிப்பாளர்களின் எண்ணிக்கை 1,500 வரை உயர்ந்தது இதனால்தான். செப்டம்பரில் ஸ்வாபோவின் வெள்ளையினத் தலைவரான வழக்கறிஞர் அன்டன் லுபோவ்ஸ்கி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன், நவம்பர் 1 அன்று, ஸ்வாபோ மறுபடி எல்லையில் கூடுகிறது என்று சொல்லி, இடைமறித்த ஐ.நா. செய்திகள் என ஒரு கட்டைத் தென் ஆப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா காட்டினார். போலி என்று உடனே அம்பலமானது. ஏப்ரலில் ஏமாந்தது போல ஐ.நா. இந்த முறை அசையவில்லை.

நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் திரும்பியிருந்தார்கள். ஏழு லட்சம் பேர் வாக்காளர்களாகப் பதிந்திருந்தார்கள். நவம்பர் 7 முதல் 11 வரை நடந்த வாக்குப்பதிவில் சுமார் 97 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். முதல் நாள் விடியும் முன்பே வடக்கில் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன.

41 இடம் ஜெயிச்சும் ஸ்வாபோ ஏன் தன் இஷ்டத்துக்குச் சட்டம் எழுதலை?

மொத்தம் 72 இடம். ஸ்வாபோவுக்கு 41, டர்ன்ஹாலே கூட்டணிக்கு 21, மீதி சிறு கட்சிகளுக்கு. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 48 வேண்டும். 10-வது கேள்வியில் சொன்ன நிபந்தனையால் மற்றவர்களோடு பேசியே ஆக வேண்டிய நிலை. நல்லதாகவே முடிந்தது. முதல் கூட்டத்திலேயே 1982 கொள்கைகளை ஒருமனதாக ஏற்றார்கள். 1990 பிப்ரவரி 9 அன்று அரசியல் சட்டமும் ஒருமனதாக நிறைவேறியது. மார்ச் 21 நள்ளிரவில் விடுதலை. நுஜோமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் டி குயெய்யார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சொத்துக்கு இழப்பீடு என்ற விதியால் வெள்ளையர் பண்ணை நிலங்களை எளிதில் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. நிலப் பிரச்சினை இன்றும் அப்படியே நிற்கிறது.

வால்விஸ் பே மட்டும் ஏன் 1994 வரை வரலை?

நாட்டின் ஒரே ஆழ்கடல் துறைமுகம் அது. 1878-லேயே பிரிட்டன் பிடித்து, 1884-ல் தென் ஆப்பிரிக்காவில் இருந்த தன் கேப் காலனியோடு சேர்த்தது. ஜெர்மன் காலனியில் இல்லை, மேன்டேட்டிலும் இல்லை என்பது தென் ஆப்பிரிக்காவின் வாதம். இதையும் 435-க்குள் போட்டால் பேச்சே முறியும் என்று 432 என்ற தனித் தீர்மானத்தில் வைத்து, பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1994 பிப்ரவரி கடைசி நாள் நள்ளிரவில், மண்டேலாவை ஜனாதிபதி ஆக்கிய தேர்தலுக்கு இரண்டு மாதம் முன், துறைமுகம் நமீபியாவிடம் வந்தது.

ஸ்வாபோ தன் ஆட்களையே சிறை வச்சதா சொல்றாங்களே, அது எதிரிகள் கிளப்பிவிட்டதா?

இல்லை, உண்மை. 1980களில் தென் ஆப்பிரிக்க உளவாளி என்ற சந்தேகத்தில் தன் சொந்த உறுப்பினர்கள் பலரை அங்கோலாவின் லுபாங்கோ அருகே நிலவறைகளில் அடைத்து வதைத்தது. 1989-ல் உயிர் பிழைத்தவர்கள் திரும்பி வந்து தழும்புகளைக் காட்டினார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்கின்றன. விடுதலைப் போராட்டத்தை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

இதே மாதிரி மேற்கு சஹாராவுக்கும் செய்ய வேண்டியதுதானே?

1991-ல் அதே நம்பிக்கையோடுதான் ஐ.நா. அங்கே போனது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. யார் வாக்காளர் என்ற பட்டியலிலேயே அந்த நிலத்தை வைத்திருக்கும் மொராக்கோவும், அங்குள்ள விடுதலை அமைப்பான பொலிசாரியோவும் மோதிக்கொண்டன. முக்கியமான வேறுபாடு இன்னொன்று: 11-வது கேள்வியில் சொன்னது போல, 1988-ல் நமீபியாவை வைத்திருப்பதே தென் ஆப்பிரிக்காவுக்குச் சுமையாகிவிட்டது. மொராக்கோவுக்கு அப்படி ஒரு நிலை வரவில்லை.

ஜெர்மனி மன்னிப்புக் கேட்டதா? அத்தோட எல்லாம் முடிஞ்சுதா?

2021 மே மாதம் ஜெர்மன் அரசு, 1904-1908-ல் நடந்தது இன்றைய பார்வையில் இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்வதாக அறிவித்தது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகவும் சொன்னது. இழப்பீடு என்ற சொல்லை மட்டும் தவிர்த்து, வளர்ச்சித் திட்டங்களுக்கான நிதி என்றது.

ஹெரேரோ, நாமா மரபுத் தலைவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பேசியது இரண்டு அரசுகள். செத்தவர்களின் வாரிசுகளான எங்களை மேசையில் உட்கார வைக்கவில்லை என்பது அவர்கள் குறை. 2025-ல் நமீபியா முதன்முறையாக மே 28-ஐ இனப்படுகொலை நினைவு நாளாகக் கடைப்பிடித்தது. ஜெர்மானியரின் முகாம்களை மூட 1907-ல் உத்தரவு வந்த நாள் அது.